இரண்டாவது பொட்டலம்

செவ்வாய்க்கிழமை முத்துமாரியம்மன் சந்நிதியில் சிவப்புப் பூ வந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த இதழை அடுத்த வீட்டுக்காரர் வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தராதவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற தயாபரனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கார் ஆசை வந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு லொறி, ஒரு வேன். மூன்றாவதாக அவர் கேட்டது ஒரு குட்டிச் சிவப்புக் கார். இரண்டே ஸீட். கூரையைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்றோடு போகலாம். மூட்டை ஏற்ற முடியாது, ஆள் ஏற்ற முடியாது, ஒரு பிரயோசனமும் கிடையாது. ஓட்டிச் சந்தோஷப்படலாம், அவ்வளவுதான்.

மனைவி கலாராணி வேண்டாம் என்றாள். கண்டியில் படிக்கிற, லீவுக்கு வந்திருந்த மகள் ஹம்சிகா வேண்டும் என்றாள். பேச்சு இழுத்துக்கொண்டே போனதில், அம்மனிடமே கேட்டுவிடுவோம் என்று பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, இன்னொன்றில் நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் வாங்கலாம், வெள்ளை வந்தால் விட்டுவிடவேண்டும். எடுத்தவர் வீட்டுக்கு மூத்தவர், எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த தயாபரனின் அக்கா சரோஜாதேவி. சிவப்பு வந்தது.

இதுவரை உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பொட்டலம் கட்டியவர் தயாபரன். "நீங்களே கட்டுங்க" என்று நம்பிக் கொடுத்தவள் கலாராணி. பூக்கடை ஓரமாகத் திரும்பி நின்று முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்து வாழைநாரால் கட்டினார். இரண்டாவதற்கு நந்தியாவட்டையைக் கையில் எடுத்தார். எடுத்த பூவைக் கீழே போட்டார். அதிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினார்.

திட்டம் போட்டுச் செய்ததில்லை. கை செய்தது, மனிதர் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மன் சந்நிதியில், பெற்ற மகளையும் கட்டிய மனைவியையும் கூடப் பிறந்தவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மிஞ்சிய பொட்டலத்தை மரத்தடியில் போடவேண்டும். அவசரத்தில் அதைச் சட்டைப் பைக்குள் திணித்தவர், அதற்குப் பிறகு மறந்தேபோனார்.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் தயாபரன் வேனோடு பல்லேபொலயில் நின்றார்.

வாகனம் வாங்கி விற்கிற யஹ்யாவின், ஊரார் வாயில் யஹ்யா நானாவின், வளவு அது. சிவப்புக் கார் கழுவித் துடைத்து வாசலைப் பார்த்து நின்றது.

"வேன் இங்கயே நிக்கட்டும் முதலாளி," என்றார் யஹ்யா. "காரக் கொண்டுபோய் நாள் முழுக்க ஓட்டிப் பாருங்க. பொழுது சாஞ்சு மஃரிபு தொழுறதுக்கு முந்தி ஒரு வார்த்த சொன்னாப் போதும். குருணாகலையில இருந்து ஒருத்தர் ரெண்டு தரம் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

"எடுக்கிறதா இருந்தா வேன் இங்கதான் நிக்கணும் நானா. எங்க வீட்டு முத்தத்துல ரெண்டு வண்டிக்குத்தான் எடம்."

"நிக்கட்டுமே. தேவப்பட்ட நேரம் வந்து எடுத்துக்கிட்டுப் போங்க." யஹ்யா சாவியை நீட்டிவிட்டு எதையோ யோசித்தார். "வியாழக்கிழமையில வேன் எல்கடுவைக்குப் போறதாச்சே?"

"அக்கா பஸ்ல போறேன்னுட்டாங்க."

"அப்பிடியா," என்றார் யஹ்யா. மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தயாபரனுக்கு இருந்தது.

சரோஜாதேவியின் கணவர் அழகர்சாமிக்குச் சீனி வருத்தம். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மாத்தளை ஆஸ்பத்திரியில் கிளினிக். ஃபெக்டரிப் படியில் விழுந்த நாளிலிருந்து இடது கால் மடங்காது. அதனால் கிளினிக் நாளில் வேன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலுக்கே போகும். அவரோடு சேர்ந்து அந்த லயத்தில் காய்ச்சல்காரர், கர்ப்பிணி, பல்வலிக்காரர் என்று எட்டு ஒன்பது பேர் ஏறுவார்கள். பல வருஷமாக நடக்கிறது. யாரும் கேட்டு ஏறுவதுமில்லை, இவர் வேண்டாம் என்று சொன்னதுமில்லை.

நேற்றுப் பின்னேரம் அக்காவே போன் எடுத்துப் பேசினார்.

"நாளைக்கு வேன அனுப்பாத தம்பி. புது வண்டி எடுக்கிற நேரம், நீ அந்த வேலையப் பாரு. மாரியம்மாவே உத்தரவு குடுத்துட்டா. நாங்க பஸ்ல போய்க்கிறோம்."

"சரிக்கா," என்றார் தயாபரன். ஒரு தடவை கூட 'ஏன்க்கா' என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று மறுத்துப் பார்க்கவில்லை. போனை வைத்த பிறகுதான், எவ்வளவு சீக்கிரம் சரி சொன்னோம் என்று உறைத்தது.

*

கார் முற்றத்தில் வந்து நின்றதும் ஹம்சிகா துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். கலாராணி தையல் மெஷினை விட்டு எழுந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வாசலுக்கு வந்தாள்.

"எப்படி?" என்றார் தயாபரன்.

"நல்லாத்தான் இருக்கு."

"ஏறு. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

"குனிஞ்சு குழிக்குள்ள இறங்கிற மாதிரி இருக்கு. எனக்கு வேணாம். மகளக் கூட்டிக்கிட்டுப் போங்க."

உள்ளே போனவள் திரும்பி வந்து ஹம்சிகாவின் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள்.

"அப்பா சட்டைய ஊறப் போடுறப்ப பையில இருந்திச்சு. அம்மன் பொட்டலம். தண்ணியில நனைய விட மனசு வரல. காருல வை."

தயாபரன் பொட்டலத்தைப் பார்த்தார். அவர் கட்டியது வாழைநாரால். இப்போது அதைச் சுற்றியிருந்தது வெள்ளைத் தையல் நூல். இரண்டு முடிச்சு, ஒட்ட நறுக்கிய நுனி. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவளின் முடிச்சு.

பிரித்துப் பார்த்துவிட்டாள்.

கலாராணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். கத்தியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். ஐம்பத்திரண்டு வயசு ஆம்பிள எனக்கொரு ஆசை இருக்கக்கூடாதா என்று கேட்டிருப்பார். அதற்கு இடம் வைக்காமல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

*

"வளைவு ரோட்டுல ஓட்டிப் பாப்போம்ப்பா. எல்கடுவப் பக்கம் போங்க," என்றாள் ஹம்சிகா.

ஒன்பது மணி தாண்டிவிட்டது. காலைப் பஸ்ஸில் அக்காவும் மச்சானும் மாத்தளைக்கு இறங்கிப் போயிருப்பார்கள். எதிரே வர வழியில்லை. தயாபரன் காரைத் திருப்பினார்.

மலை ஏற ஏற அவருக்கு எல்லாம் மறந்தது. கூரை இல்லாத தலைக்கு மேலே சவுக்கு மரங்கள் ஓடின. கியர் மாற்றும்போது கார் கையோடு பேசியது. ஒவ்வொரு வளைவையும் அது கேட்டுக்கேட்டு எடுத்தது. ஹம்சிகா சிரிக்க, அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

இந்தக் காரில் அவருக்குப் பிடித்தது நிறமில்லை, வேகமில்லை. பின்னால் ஸீட் இல்லை என்பதுதான். இருபத்தாறு வருஷமாக அவர் எந்த வண்டியையும் தனியாக ஓட்டியதில்லை. லொறியில் மூட்டை, வேனில் ஆட்கள். தம்பி, போற வழிதானே என்று ஏறுவார்கள். கலியாணத்துக்கு ஏறுவார்கள், காடாத்துக்கு ஏறுவார்கள். இதில் யாரும் அப்படிக் கேட்க முடியாது. கேட்டாலும் இடமில்லை என்று பொய் சொல்லவேண்டியதில்லை. இந்தக் காரணத்தை அவர் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோதே முகம் சுட்டது.

"அப்பா, இதுல இருக்கிறது வெள்ளப் பூதானே?" ஹம்சிகா மடியிலிருந்த பொட்டலத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். "வேணாம்னு சொல்ற பூவ ஏன் அம்மா காருல வைக்கச் சொன்னாங்க?"

"அத விடும்மா. பிரிக்காத."

அப்படிச் சொன்னதுதான் தப்பு. பிரிக்காதே என்றால் பிரிக்கிற வயசு. நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். தாள் விரிந்தது.

வாடிச் சுருண்டிருந்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

ஹம்சிகா பூவைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். அப்பாவை மட்டும் பார்க்கவில்லை. அடுத்த வளைவு வந்தது. பிறகு மெதுவாகத் தாளை மடித்து, அறுந்த நூலைத் தேடி எடுத்து, எப்படியோ சுற்றிக் கட்டினாள்.

"நான் பிரிக்கலன்னு அம்மாகிட்டச் சொல்லிடுறேன்ப்பா," என்றாள். "நீங்க ஒன்னும் யோசிக்காதீங்க."

கலாராணியின் முடிச்சு கூட அவரை இவ்வளவு சுடவில்லை. மகள் தனக்காகப் பொய் சொல்லப் பழகிக்கொண்டாள், தன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வளைவுக்குள்.

"அத்தைதான் பாவம்," என்றாள் ஹம்சிகா கொஞ்ச நேரம் கழித்து. "அந்தப் பூவ சாமிப் படத்துல வச்சிருக்காங்களாம்."

*

அடுத்த திருப்பத்தில், ரோட்டோரமாக இரண்டு பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் அழகர்சாமி. வெள்ளைச் சட்டை, கையில் தடி, கக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி. மடங்காத காலை அரைவட்டமாக வீசி வீசி வைத்தார். பக்கத்தில் சரோஜாதேவி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு.

காலைப் பஸ்ஸைத் தவற விட்டிருந்தார்கள். லயத்திலிருந்து பஸ் நிற்கும் சந்திக்கு இரண்டு கட்டை தூரம், இரண்டு மைல். ஏழு மணிக்குக் கிளம்பியும் மச்சானின் கால் அதற்குள் சந்தியைத் தொடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள்.

தயாபரன் காரை நிறுத்தினார். நிறுத்தாமல் போகலாமா என்று ஒரு விநாடி காலுக்குத் தோன்றியதையும் நான் மறைக்கப்போவதில்லை.

"அடி அம்மா! இதுதானா?" சரோஜாதேவி ஓடிவந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு காரைத் தொட்டுப் பார்த்தார். முகமெல்லாம் பூரித்துவிட்டது. "என்ன அழகா இருக்கு பாருங்களேன்! ராசா மாதிரி உக்காந்திருக்கான் எந்தம்பி."

"அத்தை, ஏன் செருப்பக் கழட்டிட்டீங்க?" என்றாள் ஹம்சிகா.

"அது சும்மா கண்ணு."

அழகர்சாமி காரைச் சுற்றி வந்தார். "ரெண்டு பேருதானா மாப்ள? மத்தவங்கள எங்க வைப்ப?" என்று சிரித்தார். கேலிக்குத்தான் கேட்டார். கேலி என்பது தயாபரனுக்கும் தெரியும்.

ஹம்சிகா கதவைத் திறந்து இறங்கினாள். "மாமா, நீங்க ஏறுங்க. அப்பா கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விடுவாங்க. நானும் அத்தையும் பஸ்ல வாறோம்."

அழகர்சாமி ஏறப் பார்த்தார். வலது காலை உள்ளே வைத்தார், இடுப்பை இறக்கினார், இடது கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தயாபரன் இறங்கி ஓடிவந்து அந்தக் காலைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தார். கார் தரையோடு தரையாக இருந்தது. எப்படித் திருப்பினாலும் முழங்கால் இடித்தது. அழகர்சாமி பல்லைக் கடித்துக்கொண்டார். மேலே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தயாண்ணே, வேனுக்கு என்னாச்சு?" என்று ஒருத்தி மேலேயிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்.

தயாபரன் நிமிரவில்லை. மச்சானின் காலைப் பிடித்தபடியே குனிந்து நின்றார்.

"விடு மாப்ள," என்றார் அழகர்சாமி மூச்சு வாங்க. "வண்டி நல்ல வண்டிதான். என் காலுதான் சரியில்ல."

மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அவரை வெளியே எடுத்து நிறுத்துவதற்குள் தயாபரனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

சரோஜாதேவி தம்பியின் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்காத."

"என்னக்கா?"

"அன்னைக்குப் பொட்டலம் எடுக்கிறப்ப, ஒரு பொட்டலத்தோட மடிப்பு ஓரத்துல சிவப்புத் தெரிஞ்சிச்சு. பாத்துட்டேன்." குரல் தணிந்தது. "கண்ண மூடிக்கிட்ட மாதிரி காட்டிக்கிட்டு அதையே எடுத்துட்டேன். நீ ஒனக்குன்னு எதையும் கேட்டதில்லயே தயா. படிக்கிறப்ப ஒரு பேனா கூட கேக்கல. மொத தடவையா ஒன்னு ஆசப்படுற, அது வெள்ளப் பூவாப் போயிருமோன்னு எனக்குத் தாங்கல. மாரியம்மாவ ஏமாத்திட்டேன்டா."

சரோஜாதேவி கணவர் நிற்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அந்தத் தாய் வேணாம்னு நெனச்சிருந்தாளோ என்னவோ. பாவம் ஒன்மேல வந்துரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். மூணு கிளினிக்குக்கு வேன்ல ஏற மாட்டேன், பஸ் சந்திக்குச் செருப்பில்லாம நடந்துதான் போவேன்னு. நீ கேக்காம வேன அனுப்பிருவியோன்னு பயந்துதான் நேத்து போன் எடுத்தேன். இவருக்குத் தெரியாது. மனுசன் என்கூட இழுபடுறாரு."

அக்காவின் காலைத் தயாபரன் பார்த்தார். கொழுந்துக்காட்டில் தேய்ந்த கால். இடது பெருவிரல் ஓரத்தில் கல் குத்தி ரத்தம் காய்ந்திருந்தது.

இப்போது அவர் செய்யவேண்டியது ஒன்றுமேயில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். தப்பை அக்காவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டுவிட்டார். 'போகட்டும் விடுக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மன்னித்த தம்பியாகக் காரில் ஏறிப் போய்விடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததே என்றுதான் அவர் பிற்பாடு கூசிக் கூசிச் செத்தார்.

தலையைத் தூக்கினார். ஹம்சிகா காரில் சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பொட்டலம்.

தயாபரன் நடந்துபோய் அதை வாங்கினார். மகள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். திரும்பி வந்து அக்காவின் கையில் வைத்தார்.

"பிரிச்சுப் பாருக்கா."

"என்னடா இது?"

"அன்னைக்கு மிஞ்சின பொட்டலம்."

சரோஜாதேவி செருப்பைக் கீழே வைத்துவிட்டு நூலை அவிழ்த்தார். தாளைப் பிரித்தார். வெள்ளைப் பூவைத் தேடுகிறவர்போல அதைப் புரட்டிப் பார்த்தார்.

"நீ எத எடுத்திருந்தாலும் சிவப்புதான்க்கா," என்றார் தயாபரன். "நான்தான் ரெண்டுலயும் வச்சேன்."

கீழே எங்கேயோ பஸ் ஹோர்ன் கேட்டது. ஏறி வந்துகொண்டிருந்தது. சந்தியில் திரும்பி மாத்தளைக்கு இறங்கும்.

சரோஜாதேவி தாளைப் பழையபடி மடித்தார். நூலைக் கட்டவில்லை. தம்பியின் சட்டைப் பைக்குள் அதை வைத்து மெல்லத் தட்டிவிட்டார், அந்த நாளில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது செய்கிற மாதிரி. பிறகு ரோட்டைப் பார்த்துக் குனிந்து, செருப்பு இரண்டையும் நேராக வைத்து, ஒரு காலை நுழைத்தார். மற்றக் காலையும் நுழைத்தார்.

"வாங்க," என்றார் கணவரிடம். "பஸ்ஸு வந்துருச்சு."

"என்ன புள்ள, செருப்புப் போட்டுட்ட?"

"இனி வேணும்னு இல்ல."

ஹம்சிகா அப்பாவைப் பார்த்தாள். "நான் மாமாவோட போறேன்ப்பா. ஏத்தி எறக்க ஆள் வேணும்," என்று சொல்லிவிட்டு அழகர்சாமியின் மறுபக்கத் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் பக்கத்தில் தெரிந்த சந்தியைப் பார்த்து நடந்தார்கள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கை கொடுத்து அழகர்சாமியை ஏற்றினார். சரோஜாதேவி கடைசியாக ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் சந்தியில் திரும்பிக் கீழே இறங்கிப் போனது. தயாபரன் காரில் ஏறி உட்கார்ந்தார். ஆசைப்பட்ட மாதிரியே அதில் அவரைத் தவிர ஒருவருமில்லை. மேலே மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. கலாராணி.

"யஹ்யா நானா கூப்பிட்டாங்க. குருணாகல் ஆள் திரும்பவும் வந்து நிக்கிறாராம். நீங்க எடுக்கிறீங்களா இல்லையான்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

தயாபரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, அத விடுங்க," என்றாள். மெஷின் சத்தம் நின்றிருந்தது. "வழியில ஒங்க அக்காவப் பாத்தீங்கன்னு மக போன்ல சொன்னா. அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

பஸ் கீழே மூன்று வளைவு தாண்டி, தேயிலைக்கு நடுவே சின்னதாகத் தெரிந்தது.

"ஒன்னும் சொல்லல," என்றார். "செருப்பப் போட்டுக்கிட்டாங்க."